தலைவருக்கு அடுத்தவர்

(தூத்துக்குடியில் கல்லூரி மாணவர்களும் கடல் தொழில் செய்வோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. இந்தியக் கடலோரக் காவல்படையின் தலைமை இயக்குநர் ராகேஷ் பால் சென்னையில் இருந்தார். கடலில் ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கும் பணியை ஒருங்கிணைக்கிற மையத்துக்குச் சென்னையில் புதிய கட்டடம் எழும்பியிருந்தது. பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அதைத் திறந்து வைக்கும் நாள் அது. அன்றைக்கே ராகேஷ் பாலுக்கு உடல்நலம் குன்றியது. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாரடைப்பு. அன்றே உயிர் பிரிந்தது. அமைச்சர் மருத்துவமனைக்கே போய் அஞ்சலி செலுத்தினார். 1989இல் படையில் சேர்ந்து, பீரங்கிப் பிரிவில் தனித்தேர்ச்சி பெற்று, படிப்படியாக உயர்ந்து தலைமைக்கு வந்த அதிகாரி. பதவியேற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது.

இந்தச் செய்தியை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அடுத்த சில நாள்களில் இன்னொரு சிறு செய்தி வந்தது. டெல்லித் தலைமையகத்தில் கூடுதல் தலைமை இயக்குநராக இருந்த எஸ். பரமேஷ், தலைமை இயக்குநரின் பொறுப்பையும் சேர்த்துக் கவனிப்பார் என்று. ஒரு படையின் தலைவர் எதிர்பாராமல் இறந்துபோகிறார். அவருக்கு அடுத்தவர் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு இதில்தான் பேச நிறைய இருக்கிறது. இன்றைய பேச்சு முழுக்க அந்த இரண்டாம் இடத்தைப் பற்றியது.

முதலில் ஒரு சிறு விளக்கம். நம் ஊர்ப் பக்கம் காக்கிச் சட்டையில் கடற்கரைச் சோதனைச் சாவடியில் நிற்பவர்களையும் 'கோஸ்ட் கார்டு' என்றே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர். நான் பேசுவது மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிற ஆயுதப் படையைப் பற்றி. வெள்ளைக் கப்பலின் பக்கவாட்டில் சாய்வாகப் பட்டை போட்டிருக்குமே, அந்தப் படை. தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் அதற்கு நிலையங்கள் உண்டு. கிழக்கு மண்டலத் தலைமையகம் சென்னையில். 1977 பிப்ரவரி 1 அன்று, கடற்படை விட்டுக்கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களோடும் ஐந்து ரோந்துப் படகுகளோடும் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1978இல், நாடாளுமன்றம் அதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களும் படகுகளும் அதனிடம் இருக்கின்றன. கடலில் தேடிமீட்கும் பொறுப்பாக நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட பரப்பு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர். நாட்டின் நிலப்பரப்பை விடப் பெரியது.

இந்தப் பரப்பில் எங்கோ ஒரு விசைப்படகு நள்ளிரவில் கவிழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகிலிருக்கும் ஆபத்துச் சமிக்ஞைக் கருவியின் பொத்தானை அழுத்தினால் அது செயற்கைக்கோளைத் தொட்டு, பெங்களூருவிலுள்ள இஸ்ரோ மையத்துக்கு வந்து, அங்கிருந்து சென்னையிலோ மும்பையிலோ அந்தமானிலோ உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகிறது. அல்லது கரையிலிருக்கும் அண்ணனோ மச்சானோ 1554க்குப் போன் போடுகிறார். போனை எடுக்கிறவர் கப்பலைத் திருப்பச் சொல்ல வேண்டும், விமானத்தைக் கேட்க வேண்டும், பக்கத்தில் போகிற வணிகக் கப்பலை வழிமாறச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அதிகாரத்தின் பெயரால் நடக்கிற காரியங்கள். அந்த அதிகாரம் கடைசியில் ஒரு மனிதரிடம் போய் நிற்கிறது. தேசியக் கடல்சார் தேடல் மீட்பு வாரியத்தின் தலைவர் அவர். கடலில் எண்ணெய் கொட்டினால் அதைச் சமாளிக்கிற தேசியத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரும் அவரே. ஆகஸ்ட் 18 இரவு அந்த மனிதர் இல்லை. கடலில் கப்பல்கள் அதே போக்கில் போய்க்கொண்டிருந்தன.

இரண்டே வாரம் போனது. செப்டம்பர் 2 இரவு. குஜராத்தின் போர்பந்தருக்கு அப்பால் ஹரி லீலா என்ற டேங்கர் கப்பலில் ஒரு மாலுமிக்குப் பலத்த காயம். அவரைத் தூக்கிவரக் காவல்படையின் ஹெலிகாப்டர் நான்கு பேருடன் கிளம்பியது. கப்பலை நெருங்கும் நேரத்தில் கடலில் விழுந்தது. ஒருவர் பிழைத்தார். மூன்று பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒரு விமானியின் உடல் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் கப்பல்கள் தேடிக்கொண்டே இருந்தன. தலைவரை இழந்த படை, துக்கம் ஆறுமுன் தன் வீரர்களை இழந்தது. தேடலை நிறுத்துவதா தொடர்வதா, மற்ற ஹெலிகாப்டர்களைப் பறக்கவிடுவதா நிறுத்திச் சோதிப்பதா, அந்தக் குடும்பங்களுக்கு என்ன சொல்வது என்ற கேள்விகளெல்லாம் யார் மேசைக்குப் போயிருக்கும்? இரண்டு வாரத்துக்கு முன்புவரை இரண்டாம் இடத்தில் இருந்தவரின் மேசைக்கு.

பரமேஷ், 'சமர்', 'விஷ்வஸ்த்' என்ற ரோந்துக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தவர். கப்பல் வழிநடத்தலில் தனித்தேர்ச்சி பெற்றவர். விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு கிழக்குக் கடற்பரப்பு முழுவதற்கும் தளபதியாகப் பணியாற்றிவிட்டு டெல்லிக்கு வந்தவர். அதாவது, அந்த நாற்காலிக்கு வந்துசேருமுன் அவர் கடந்துவந்த பாதை, தலைமைக்கு வேண்டிய பாதைதான். இது தற்செயல் அன்று. நல்ல படையொன்று தன் இரண்டாம் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது, முதல் இடத்துக்கு எடுப்பது போலவே எடுக்கிறது. 2024 அக்டோபர் 15 அன்று அவர் முழுப் பொறுப்புள்ள தலைமை இயக்குநரானார்.

மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். டெல்லி மேசையை விட்டுவிட்டு ஒரு கப்பலுக்குப் போவோம். இரண்டாமவரின் வேலை என்னவென்று அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும்.

ரோந்துக் கப்பலின் தலைவருக்கு அடுத்தவரை எக்சிகியூட்டிவ் ஆபீசர் என்பார்கள். கப்பலின் அன்றாட உத்தரவு அவர் கையெழுத்தில்தான் வரும். யார் எந்த நேரம் காவல் நிற்பது, யாருக்கு விடுப்பு, எந்தக் கயிறு நைந்துபோயிற்று, சமையற்கட்டில் தண்ணீர் ஏன் தேங்குகிறது, புதிதாக வந்த பையன் ஏன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, எல்லாம் அவர் கணக்கில். கப்பல்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: கேப்டன் கப்பலை ஓட்டுவார், கப்பலை நடத்துவது அடுத்தவர்.

இப்போது ஒரு மீட்பு. இரவு, காற்று, ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அலை. கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர். பெரிய கப்பலை அவர்கள் அருகே கொண்டுபோக முடியாது. கப்பலே அவர்களை அடித்துவிடும். சிறு படகை இறக்க வேண்டும். தலைவர் மேல்தளத்தில் நிற்கிறார். கப்பலின் உடலையே காற்றுக்குக் குறுக்கே மறைப்பாக நிறுத்துகிறார். அந்த மறைவில் கொஞ்சம் அமைதியான தண்ணீர் கிடைக்கும். அது சில நிமிடம்தான் நிற்கும். படகு இறக்கும் இடத்தில் நிற்பவர் அடுத்தவர். படகு கயிற்றில் தொங்குகிறது. அலை மேலே வரும்போது தண்ணீரைத் தொட வேண்டும், முன்கொக்கியும் பின்கொக்கியும் ஒரே நேரத்தில் கழல வேண்டும். ஒன்று கழன்று மற்றொன்று கழலாவிட்டால் படகு ஒருபக்கமாகத் தொங்கி உள்ளே இருப்பவர்களைக் கொட்டிவிடும். மேலே இருக்கிற தலைவருக்கு இந்தக் கொக்கி தெரியாது. கீழே இருக்கிற அடுத்தவருக்குக் கப்பல் இன்னும் எத்தனை விநாடி இந்தத் திசையில் நிற்கும் என்பது தெரியாது. இருவருக்கும் இடையில் வானொலியில் நாலைந்து சொற்கள்தான் போய்வரும். அதற்குமேல் பேச நேரமில்லை. 'இறக்கலாம்' என்று தலைவர் சொன்ன பிறகும், அலை சரியில்லை என்றால், 'பொறுங்கள்' என்று சொல்ல அடுத்தவருக்கு உரிமை வேண்டும். அதைக் கேட்டுப் பொறுக்கத் தலைவருக்குப் பக்குவம் வேண்டும். அவர்கள் இருவரும் மாதக்கணக்கில் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வரைபடத்தின்மேல் குனிந்து நின்று சேர்த்து வைத்த நம்பிக்கை அந்த ஒரு சொல்லில் வேலை செய்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கிற தோணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோணியை நடத்தும் தண்டலுக்கு நடுக்கடலில் காய்ச்சல் கண்டால் சுக்கானைப் பிடிப்பது யார் என்பது பழைய துறைமுகத்திலிருந்து கிளம்பும் முன்பே எல்லோருக்கும் தெரியும்.

கப்பலில் தெளிவாக இருக்கிற இந்த ஏற்பாடு, படையின் உச்சியில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு வேறொரு நாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை உலகிலேயே மூத்த அமைப்புகளில் ஒன்று. 1790இல் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் சுங்கவரி ஏய்ப்பைத் தடுக்கப் பத்துப் படகுகள் கேட்டார், அதிலிருந்து வளர்ந்தது. 1915இல் உயிர்மீட்பு அமைப்போடு சேர்ந்து இன்றைய பெயரைப் பெற்றது. அதன் தலைவர் கமாண்டன்ட். அடுத்தவர் வைஸ் கமாண்டன்ட். இந்த இரண்டாம் பதவியைப் பற்றி அந்நாட்டுச் சட்டம் பேசுவது மிகச் சுருக்கமாக: அவர் தலைவருக்கு அடுத்த நிலையினர்; தலைவர் ஒப்படைக்கும் பணிகளைச் செய்வார்; தலைவர் இல்லாதபோதும், இயலாதபோதும், பதவி காலியானபோதும் தலைவராகச் செயல்படுவார். நியமிப்பவர் அதிபர், ஒப்புதல் தருவது செனட் சபை. அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டம் தலைவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. தலைவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாருடைய விருப்பத்துக்கும் விடவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் கடல் தெரிந்திருக்கிறது.

2025 ஜனவரியில் அந்த வரிகள் சோதனைக்கு வந்தன. கமாண்டன்ட் லிண்டா ஃபேகன், புதிய அதிபர் பதவியேற்ற கையோடு நீக்கப்பட்டார். அமெரிக்க ஆயுதப் படை ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். பனியுடைப்புக் கப்பலான போலார் ஸ்டாரில் ஒரே பெண்ணாகத் தன் கடல்வாழ்வைத் தொடங்கியவர். 2021இல் வைஸ் கமாண்டன்ட், 2022 ஜூனில் கமாண்டன்ட். அந்த நீக்கம் நியாயமா என்பது பெரிய விவாதம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, இந்த மேடை அதற்கானது இல்லை. நான் சொல்ல வருவது இது: வைஸ் கமாண்டன்ட் கெவின் லண்டே உடனே தலைவராகச் செயல்படத் தொடங்கினார். அரசியல் காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும், படையின் கட்டளைச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடத் தொங்கவில்லை. சட்டம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தது.

அந்தப் பதவிக்கு அவர்கள் தருகிற மதிப்பும் கவனிக்கத்தக்கது. ராணுவம், கடற்படை, விமானப்படை எல்லாவற்றிலும் துணைத் தலைவர்கள் நான்கு நட்சத்திர அதிகாரிகள். கடலோரக் காவல்படையில் மட்டும் நீண்ட காலம் மூன்று நட்சத்திரம். 2016இல் சட்டத்தைத் திருத்தி அதையும் நான்காக்கினார்கள். சார்லஸ் மிஷெல் அந்தத் தரத்தைப் பெற்ற முதல் வைஸ் கமாண்டன்ட். தோளில் கூடுகிற ஒரு நட்சத்திரம் வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். பட்ஜெட்டுக்கும் கப்பலுக்கும் வாதாடுகிற கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரும் நம் ஆளும் சமநிலையில் இருந்தால்தான் சொல் ஏறும்.

இரண்டாமவருக்குப் புகழ் கிடைக்காத வேலைகள்தான் பெரும்பாலும் வாய்க்கும். அதற்கு உதாரணமாக ஒரு தோல்விக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கப்பல் கட்டும் துறைக்குப் போக நினைக்கிற மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2002இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் பழைய கப்பல்கள், விமானங்கள் எல்லாவற்றையும் புதுப்பிக்க ஒரு மாபெரும் திட்டம் போட்டது. எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது என்ற ஒருங்கிணைப்பையே இரண்டு பெரிய பாதுகாப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. அதில் ஒரு பகுதி, 110 அடி நீளமுள்ள பழைய ரோந்துப் படகுகளை வெட்டி நீட்டி 123 அடியாக்குவது. கேட்பதற்குச் சிக்கனமாகத் தெரியும். எட்டுப் படகுகளை நீட்டினார்கள். நீளம் கூடினால் அலைமேல் படகு வளைகிற விசையும் கூடும். நடுப்பகுதி தூக்கப்படும்போது தளத்தின் தகடு இழுபடும்; நடு தாழ்ந்து முனைகள் தூக்கப்படும்போது அதே தகடு நசுங்கும். பழைய மெல்லிய உடல் அதைத் தாங்குமா என்ற ஐயத்தைப் பொறியாளர்கள் முன்பே எழுப்பியிருந்தார்கள். 2004இல் முதல் படகான மட்டகோர்டா, வந்துகொண்டிருந்த ஒரு சூறாவளியை விட்டு விலகிப் போகும் பயணத்தில், தளம் மடிந்து திரும்பியது. பிறகு மற்றப் படகுகளிலும் கோளாறு. 2006 நவம்பர் 30 அன்று எட்டையும் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவை மறுபடி கடலுக்குப் போகவில்லை.

நிறுத்துகிற முடிவை அறிவித்தவர் கமாண்டன்ட் தாட் ஆலன். பத்திரிகையாளர் முன்னாலும் நாடாளுமன்றக் குழு முன்னாலும் அவர் முகம்தான் தெரிந்தது. அவருக்கு அடுத்தவராக அந்த ஆண்டு ஜூனில் வந்தவர் விவியன் கிரியா. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்; விமானி. படையின் கொள்முதலுக்கான மேல்நிலைப் பொறுப்பும் வைஸ் கமாண்டன்டிடமே இருந்தது. 2007இல் ஒருங்கிணைப்பைத் தனியாரிடமிருந்து படையே திரும்ப எடுத்துக்கொண்டது. சிதறிக் கிடந்த கொள்முதல் பிரிவுகளை ஒரே இயக்ககமாக ஆக்கியது. ஒப்பந்தங்களைத் திரும்பப் படிப்பது, பொறியாளர் சொல்லும் ஆட்சேபம் மேலே போய்ச்சேர வழி செய்வது, அடுத்த கப்பலின் வரைபடத்தை வேறொருவர் சரிபார்க்க வைப்பது என்று ஆண்டுக்கணக்கான வேலை அது. 2008 ஆகஸ்ட் 4 அன்று அந்தத் திட்டத்தின் முதல் பெரிய கப்பல் பெர்டால்ஃப் பணியில் சேர்ந்தது. விழாவில் யாரும் கொள்முதல் விதிகளைப் பற்றிப் பேசுவதில்லை. இருந்தாலும் அந்த விதிகள் இல்லாமல் அந்தக் கப்பலை நம்பி யாரும் கடலுக்குப் போயிருக்க முடியாது.

இதிலிருந்து எனக்குப் படுவது, இரண்டாம் இடத்தில் உட்காருகிறவரிடம் தலைவர் எதிர்பார்க்க வேண்டிய முதல் குணம் கெட்ட செய்தியைச் சீக்கிரம் கொண்டுவந்து சொல்வது. படகின் தகடு மடிகிறது என்று கீழே ஒரு பொறியாளர் சொல்கிறார். அது ஏழு மேசை ஏறி மேலே வருவதற்குள் 'சில சவால்கள் உள்ளன' என்று ஆகிவிடுகிறது. அந்த ஏழு மேசையையும் தாண்டிப் போய் அசல் சொற்களைக் கேட்டுவரக்கூடியவர் படையிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். தலைவர் போனால் எல்லோரும் விறைத்து நிற்பார்கள். இளநிலை அதிகாரி போனால் மேலே வந்து சொல்ல அவருக்கு வலு இராது.

இனி நம் நாட்டுக்குத் திரும்புகிறேன். கடலோரக் காவல்படையின் தலைமைக்கு நீண்ட காலம் பெரும்பாலும் கடற்படையின் வைஸ் அட்மிரல்களே வந்தார்கள். முதல் தலைவர் வி. ஏ. காமத்தும் கடற்படைக்காரர். காவல்படையிலேயே நேரடியாகச் சேர்ந்து வளர்ந்த ஓர் அதிகாரி முதன்முதலாகத் தலைமை இயக்குநரானது 2016இல்தான். ராஜேந்திர சிங் அவர். அதுவரை வெளியிலிருந்து வந்தவர் தலைவர். உள்ளே வளர்ந்தவர் அவருக்கு அடுத்தவர் என்பதே வழக்கமான நடைமுறை. தலைவர்கள் வந்து இரண்டு மூன்று ஆண்டில் போனார்கள். எந்தத் துறைமுகத்தில் எந்தப் படகு ஓடாது, எந்த மாநில மீன்வளத் துறையிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்ற நினைவு இரண்டாம் இடத்தில்தான் தங்கியிருக்க முடியும். அன்றைக்கு அந்த இடம் ஏணியின் கடைசிப் படி. இன்றைக்கு மேலே இன்னொரு படி இருக்கிறது. ராகேஷ் பாலும் பரமேஷும் இருவருமே டெல்லியில் கூடுதல் தலைமை இயக்குநராக இருந்து, தலைமைப் பொறுப்பைக் கூடுதலாகக் கவனித்து, பிறகு தலைவர் ஆனவர்கள்.

இந்தக் 'கூடுதல் பொறுப்பு' என்ற ஏற்பாட்டில்தான் எனக்குக் கவலை. ராகேஷ் பால் 2023 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை அப்படி இருந்தார். பரமேஷ் ஏறத்தாழ இரண்டு மாதம். அவர்கள் திறமையில் குறை சொல்லவில்லை; இரண்டு சுமையையும் தூக்கினார்கள். ஆனால் அடுத்தவர் தலைவரின் வேலையையும் பார்க்கும்போது, அடுத்தவரின் வேலையை யார் பார்ப்பது? தலைவரிடம் 'பொறுங்கள்' என்று சொல்ல வேண்டியவரே தலைவராகிவிட்டால், அவரிடம் அதைச் சொல்வது யார்? முதல் நாற்காலி நிரம்பிவிட்டது என்று நாம் நிம்மதி அடைகிறோம். இரண்டாம் நாற்காலி காலியாகிவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. அந்த மாதங்களில் இன்னொரு ஆகஸ்ட் 18 வந்திருந்தால்?

1978 சட்டத்தைப் படித்துப் பாருங்கள். படையின் கட்டளை தலைமை இயக்குநரிடம் இருக்கும் என்கிறது. அவருக்கு உதவத் தேவையான எண்ணிக்கையில் அதிகாரிகள் இருப்பார்கள் என்கிறது. அவருக்கு அடுத்தவர் இன்னார், பதவி காலியானால் அவர் செயல்படுவார் என்று ஒருவரைச் சுட்டிச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, இன்று கூடுதல் தலைமை இயக்குநர் தரத்தில் டெல்லியில் மட்டுமா இருக்கிறார்கள்? மேற்குக் கடற்பரப்புக்கு மும்பையிலும் கிழக்குக்கு விசாகப்பட்டினத்திலும் அதே தரத்தில் தளபதிகள் இருக்கிறார்கள். நடைமுறையில் தலைமையகத்தில் இருப்பவரிடம் பொறுப்பு போகிறது. அது நிர்வாக உத்தரவாலும் வழக்கத்தாலும் நடக்கிறது. இதுவரை நன்றாகவே நடந்திருக்கிறது. அது அதிகாரிகளின் பெருந்தன்மை. பெருந்தன்மையை நம்பிக் கப்பல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

'அடுத்தவரே தலைவர் என்று சட்டத்தில் எழுதிவிட்டால், தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் அரசின் உரிமை என்ன ஆவது?' என்று இதே கருத்தை வேறோர் இடத்தில் சொன்னபோது ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் நம் கடற்படையின் அனுபவத்தில் இருக்கிறது.

2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. 18 பேர் இறந்தார்கள். அதன்பின் வரிசையாகச் சிறிதும் பெரிதுமாக விபத்துகள். 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை பரவி இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். கடற்படைத் தளபதி அட்மிரல் டி. கே. ஜோஷி தார்மிகப் பொறுப்பேற்று அன்றைக்கே பதவி விலகினார். அதே நாளில் துணைத் தளபதி ராபின் தோவன் பொறுப்பேற்றார். விபத்துகளால் மனம் சோர்ந்திருந்த படை, தலைவரில்லாமல் ஒரு நாளும் இருக்கவில்லை. இதுவரை நல்லதே. ஆனால் முழுநேரத் தளபதி யார் என்ற முடிவு ஏப்ரல் 17 வரை வரவில்லை. ஏழு வாரம். கடைசியில் தோவனையே நியமித்தார்கள். பணிமூப்பில் அவருக்கு முன்னிருந்த மேற்குப் பிராந்தியத் தளபதி சேகர் சின்ஹா முன்கூட்டியே ஓய்வு கேட்டார். அரசு சரியாகத் தேர்ந்தெடுத்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தற்காலிகமாக நாற்காலியில் உட்காருவதும் நிரந்தரமாக உட்காருவதும் ஒன்றோடொன்று குழம்பிப்போனால், இரண்டு பக்கமும் நல்ல அதிகாரிகளுக்கு மனக்கசப்புதான் மிஞ்சும் என்பது அந்த ஏழு வாரத்தில் தெரிந்தது.

ஆகவே நான் கேட்பது, அடுத்தவரையே நிரந்தரத் தலைவராக்கும் சட்டம் இல்லை. பதவி காலியான அந்த நிமிடத்தில் பொறுப்பு யாரிடம் போகிறது என்பது சட்டத்தில் இருக்கட்டும். அப்படிப் பொறுப்பு மாறியதும் அவர் விட்டுவந்த இரண்டாம் இடத்துக்கு வேறோர் அதிகாரி தானாகவே வந்துவிட வேண்டும் என்பதும் இருக்கட்டும். நிரந்தரத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அரசுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு வேண்டும். முப்பது நாள் போதும் என்பது என் எண்ணம். ஒரு படைக்கு அடுத்த தலைவர் யாராக இருக்கலாம் என்ற யோசனை, நடப்புத் தலைவர் பதவியேற்ற நாளிலேயே அமைச்சகத்தின் கோப்பில் தொடங்கிவிட வேண்டும். ஓய்வுபெறும் தேதி பல மாதம் முன்பே தெரிந்திருந்தும், கூடுதல் பொறுப்பில் மாதக்கணக்கில் ஒரு படை ஓடுவதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

நம் கடற்கரைக்கு இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கன்னியாகுமரிக் கரை ஊர்களில் தேடல் போதவில்லை என்ற ஆற்றாமை குழித்துறையில் ரயில் மறியலாக வெடித்தது. அத்தகைய நாள்களில் கடற்படை, விமானப்படை, காவல்படை, இரண்டு மாநில அரசுகள், வானிலைத் துறை என்று எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து வேலை செய்தாக வேண்டும். தலைவருக்கு அமைச்சர்களிடமும் முதல்வர்களிடமும் ஊடகங்களிடமும் பதில் சொல்லவே பொழுது போதாது. வரைபடத்தின் முன்னால் இரவு முழுக்க உட்கார்ந்து, எந்தக் கட்டம் தேடியாயிற்று, எது பாக்கி, எந்த ஊரில் எத்தனை பேர் கணக்கில் வரவில்லை என்று பார்க்கிறவர் வேறொருவராக இருந்தே ஆக வேண்டும். அந்த ஒருவருக்கு வேறு பொறுப்பு எதுவும் அன்றைக்கு இருக்கக் கூடாது.

கடற்கரைத் தொகுதிகளிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போகிற உறுப்பினர்களிடம் நாம் தூண்டில் வளைவு கேட்கிறோம், டீசல் மானியம் கேட்கிறோம், எல்லாம் நியாயமான கோரிக்கைகள். அவற்றோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். 1978 சட்டத்தில் ஒரு துணைப்பிரிவு கூட்டினால் முடிகிற வேலை. நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. அதுவரை, பாதுகாப்பு அமைச்சகத்தைப் பார்த்துக் கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்வியாவது அவர்கள் எழுப்பலாம்: இன்றிரவு தலைமை இயக்குநர் பொறுப்பில் இல்லையென்றால் அந்த இடத்தில் செயல்படுபவர் யார், எந்த உத்தரவின்படி, அவருடைய இடத்துக்கு வருபவர் யார்?

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். முன்வரிசையில் கை தூக்கியிருக்கிற அந்தத் தம்பியிலிருந்து தொடங்குவோம்.